என்ன படிக்கிறீர்கள், எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள்?

இரண்டு நாளாக மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். எங்கள் வாட்சப் குழுவில் ஒரு தம்பி புதிதாக வாங்கிய நாவலின் அட்டையைப் படம் பிடித்துப் போட்டார். உடனே கும்பிடு, பூங்கொத்து, "அருமை", "வாழ்த்துகள்" என்று வரிசையாக விழுந்தன. நானும் ஒரு கும்பிடு போட்டேன். ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது, அந்தத் தம்பி இன்னும் முதல் பக்கத்தைக்கூடத் திறக்கவில்லை. நாங்கள் எதைத்தான் வாழ்த்தினோம்?

நம் மலேசியாவில் புத்தகத்துக்கு இரண்டே மரியாதைதான் கிடைக்கிறது, ஒன்று பொன்னாடை, இன்னொன்று மௌனம். நூல் வெளியீட்டுக்குப் போகிறோம், முதல் நூல், இரண்டாம் நூல் என்று பிரமுகர்கள் பெயர் சொல்லி அழைக்கப்பட்டுப் பெற்றுக்கொள்கிறார்கள், நாமும் உறையில் 50 வெள்ளி வைத்துக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தோடு மீகூன் சாப்பிட்டு வீட்டுக்கு வருகிறோம். உறை தப்பென்று சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் அச்சுக்கூலியே வராது. ஆனால் அதற்கப்புறம் அந்தப் புத்தகம் என்ன ஆனது என்று ஒருவரும் ஒருவரிடமும் கேட்பதில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த எட்டு மாதமாக, பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் ஞாயிறு சாயங்காலம் ஓர் ஒட்டுக்கடையில் கூடுகிறோம். சங்கம் கிடையாது, தலைவர் கிடையாது. ஆளுக்கு ஒரு தேத்தண்ணி, இந்த வாரம் என்ன படித்தேன், எங்கே நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன், அவ்வளவுதான். முடிக்காத புத்தகத்தைப் பற்றியும் பேசலாம். சொல்லப்போனால் அதைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறோம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' படித்துக்கொண்டிருக்கிறார். ஓர் இரவுக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் முடியவில்லை என்றார். யுத்த காலத்தில் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை அது. அந்த 415 கிலோமீட்டர் பாதையை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் சேர்த்து முடித்தார்கள். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போன நம் ஆட்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதற்கு ஒழுங்கான கணக்கே இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவர்களைவிட அதிகமாகச் செத்த ஆசியத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட இல்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த கடைக்கார அண்ணன், "எங்க பெரிய தாத்தாவும் போனவருதான்" என்றார். எட்டு மாதமாக அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறோம், அன்றைக்குத்தான் அவர் அதைச் சொன்னார். சார் அதோடு விடவில்லை. "துக்கத்துக்குத் தலை வணங்குறேன், அதுக்காக எழுத்த விட்டுட முடியாது. சில எடத்துல வேகமா ஓடுது, அங்க நின்னுருக்கணும்" என்றார். எவ்வளவு நேர்மையான பேச்சு!

ஈப்போ தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் தங்கை ஒருத்தி ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை இரண்டு தடவை மூடி வைத்துவிட்டு மூன்றாவது தடவை எடுத்திருக்கிறாள். ஆரம்பம் பிடிபடவில்லை, பினாங்கு வந்ததும் பிடித்துக்கொண்டதாம், தெருவெல்லாம் தெரிந்த தெரு. அவள் பேசப் பேச எனக்கு வேறொன்று ஓடியது. சிங்காரம் 1938இல் தமிழ்நாட்டிலிருந்து சுமத்ராவின் மேடானுக்கு வேலைக்கு வந்து, யுத்தத்தை அங்கேயே பார்த்து, ஊர் திரும்பி எழுதியவர். இந்த நாவல் அச்சாக 1972 ஆகிவிட்டது. வந்த காலத்தில் பெரிதாகப் பேசுவாரில்லை. வாழ்நாளில் இரண்டே நாவல்தான் எழுதினார். படித்தவர்களில் நாலு பேர் அன்றைக்கே அவருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் மூன்றாவது ஒன்று வந்திருக்குமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, நான் சொல்ல வந்தது ஓர் அத்தையைப் பற்றி.

பேத்தியை டியூசனுக்கு விட்டுவிட்டு, அது முடியும்வரை பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பார். 30 வருசத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர், அதாவது பட்டையை வெட்டிப் பால் இறக்கியவர். ஒரு நாள் நான் ஓர் இளம் எழுத்தாளரின் சிறுகதையை (பெயர் வேண்டாம்) வாய்விட்டுப் படித்தேன். தோட்டத்துக் கதை, நல்ல நடை. கதாநாயகி உச்சி வெயிலில் வியர்வை சொட்டச் சொட்ட மரம் சீவுகிறாள், பால் பிடிக்கும் மங்கு நிரம்பி வழிகிறது. எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை மட்டும் திரும்பிப் பார்த்து, "மத்தியானத்துல சீவுனா என்னாம்மா பால் வரும்? நாலு சொட்டு வந்து வெட்டுலயே காஞ்சிடும்" என்றார்.

பிறகு நாங்கள் கேட்கக் கேட்கச் சொன்னார். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள், அதாவது மர வரிசைக்குள், இறங்குவது, குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பது, முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் கோட்டுப்பாலை உரித்துவிட்டுத்தான் உளியை வைக்க வேண்டும் என்பது, கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து காயத்தை எண்ணுவார், திட்டுவார். வெயில் ஏறினால் அது பால் எடுக்கும் நேரம், சீவும் நேரமில்லை. "மழ பேஞ்சா பட்ட நனைஞ்சி பால் மங்குக்கு வராது, கண்டபடி வழிஞ்சிடும். அன்னிக்கு வேல இல்ல, சம்பளமும் இல்ல. அந்தப் பொண்ணு மழ நாள்ல வீட்டுல என்னா பண்ணுச்சின்னு எழுதச் சொல்லு, அதுதான் கத."

நான் இதுவரை படித்த மதிப்புரைகளில் இதைவிடக் கூர்மையானது ஒன்றில்லை. கதையில் பிழை எங்கே என்று சொன்னார், விட்டுப்போன கதை எது என்றும் சொன்னார். அத்தை பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்புவரை.

இந்தக் கருத்தைக் குழுவில் மரியாதையாகத்தான் போட்டேன். எழுதியவர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். "வளரும் எழுத்தாளரை ஊக்குவிக்கணும், குறை சொல்லக்கூடாது" என்று எனக்கு அறிவுரை வந்தது. எனக்கும் வருத்தம்தான், ஆனால் நான் எழுதியதை அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன். அவர் கதையை நாங்கள் ஒரு மணி நேரம் பேசினோம், ஒரு மூத்த தொழிலாளி தன் கைப்பழக்கத்தை வைத்து அதை உரசிப் பார்த்தார். எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்த மேடையில் கிடைக்கும்? தம்பி, இதைப் படித்தால் வாங்க, உங்களுக்கு ஒரு நாற்காலி எப்போதும் இருக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் இடிந்து, நாம் தாமானுக்கு (நகரக் குடியிருப்புக்கு) வந்தாயிற்று. நிரை என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். 1948 ஜூனில் இந்த ஊர்த் தோட்டங்களில் 3 ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு நாடெங்கும் அவசரகாலம் வந்தது. வரலாற்றுப் பாடத்தில் சுங்கை சிப்புட் அந்த ஒரு வரியோடு முடிகிறது. அந்த நாட்களில் இங்கே மரம் சீவிக்கொண்டிருந்த நம்மவர்கள் என்ன பார்த்தார்கள், என்ன பயந்தார்கள் என்பது நாவலில்தான் வர முடியும். வந்தால் அது சரியா தப்பா என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது 80ஐத் தாண்டியவர்கள். அதனால்தான் அவசரப்படுகிறேன். உங்கள் வீட்டில் கண் மங்கிய ஒரு பாட்டி இருந்தால் இரண்டு பக்கம் படித்துக் காட்டுங்கள், என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

என் கையில் இப்போது இருப்பது சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்'. கெடாக்காரர், 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்றவர். எனக்கு எளிதாக ஓடவில்லை. கண்ணால் படிக்கும்போது முட்டுகிறது, வாய்விட்டுப் படித்தால் எங்கள் லயத்துக் குரல்கள் கேட்கின்றன. அத்தைக்கு முதல் சில பக்கங்கள் படித்துக் காட்டினேன். பேத்தியின் டியூசன் முடிந்தும் எழுந்து போகவில்லை. "இந்த ஆளு தோட்டத்துல இருந்தவருதான்" என்று மட்டும் சொன்னார். மற்றதெல்லாம் முடித்துவிட்டுத்தான் சொல்வாராம்.

வரும் ஞாயிறு 5 மணிக்கு அதே ஒட்டுக்கடையில் அடுத்த பகுதி படிக்கிறேன். வர முடியாதவர்கள் கீழே எழுதுங்கள், என்ன படிக்கிறீர்கள், எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள், ஏன் நின்றீர்கள். கும்பிடு மட்டும் போட வேண்டாம்.