லாகின் கொடுக்காத ஸ்கேன் பாதி ஸ்கேன்தான்

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா பக்கம் சின்னக் கம்பெனிகளின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் நம்மாட்கள் பலர் கேட்பது இதுதான்: நெட்வொர்க்கில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனருக்கு லைசென்ஸ் வாங்க பட்ஜெட் இல்லை, இலவச ஸ்கேனர் போதுமா? தாராளமாகப் போதும். 2005இல் நெசஸ் என்ற ஸ்கேனர் திறந்த மூலத்தைக் கைவிட்டபோது, அதன் பழைய கோடிலிருந்து கிளைத்தது ஓப்பன்வாஸ். இன்று கிரீன்போன் கம்யூனிட்டி எடிஷனில் அதுதான் ஓடுகிறது. 8 ஜிபி ராம் உள்ள மெஷினில் போடுங்கள். முதல் ஃபீட் சிங்க் (ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்களை இறக்கிக்கொள்வது) முழுசாக முடியும்வரை ஸ்கேனைத் தொடங்காதீர்கள்.

"ஒரு ஓட்டையும் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். "இருக்கிறாயா?" என்று கேட்கும் பிங்கை விண்டோஸ் ஃபயர்வால் தடுத்திருந்தால், அந்த மெஷின் அணைந்து கிடக்கிறது என்று நினைத்து ஸ்கேனர் தாண்டிப் போய்விடும். அதே லேனில் (உள் நெட்வொர்க்கில்) இருந்தபடி, மெஷின்களைத் தேடும் என்மேப் டூலை முதலில் ஓட்டுங்கள். அது ஏஆர்பி (ஒரே லேனுக்குள் "இந்த ஐபி யாருடையது?" என்று கேட்கும் முறை) மூலம் தேடுவதால் பிங்குக்குப் பதில் சொல்லாத மெஷினும் சிக்கும். கிடைத்த ஐபிகளை டார்கெட்டில் போட்டு, மெஷின் இயங்குகிறதா என்று பார்க்கும் அலைவ் டெஸ்ட்டை 'கன்சிடர் அலைவ்' (இயங்குவதாகவே எடுத்துக்கொள்) என்று மாற்றுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம், பெரும்பாலோர் விடுவதும் அதைத்தான்: கிரெடென்ஷியல், அதாவது ஸ்கேனர் மெஷினுக்குள் போய்ப் பார்க்க லாகின். லாகின் இல்லாத ஸ்கேனருக்குத் தெரிவது திறந்திருக்கும் போர்ட்டும், சர்வீஸ் வெளியே காட்டும் வெர்ஷன் எண்ணும் மட்டுமே. உபுண்டுவும் ரெட்ஹேட்டும் பழைய வெர்ஷன் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே பேட்ச் போடுகின்றன. அதனால் சரியான சர்வர்கூட ஓட்டையாகத் தெரியும். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய பிரவுசரோ வெளியிலிருந்து தெரியவே தெரியாது. லினக்ஸுக்கு எஸ்எஸ்ஹெச், விண்டோஸுக்கு எஸ்எம்பி லாகின் கொடுங்கள். விண்டோஸில் ரிமோட் ரெஜிஸ்ட்ரி சர்வீஸ் ஓட வேண்டும். டொமைனில் உள்ள எல்லா மெஷினையும் ஆளும் டொமைன் அட்மின் அக்கவுன்ட்டை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்: ஸ்கேனர் போகும் ஒவ்வொரு மெஷினிலும் அந்த அக்கவுன்ட்டைக் காட்டும், அதில் ஒன்று ஏற்கெனவே ஹேக்கர் கையில் இருந்தால் முழு டொமைனும் போச்சு. ஸ்கேனுக்கென்றே தனி அக்கவுன்ட் வைத்து, வேலை முடிந்ததும் டிஸேபிள் செய்யுங்கள்.

ரிப்போர்ட்டில் க்யூஓடி (கண்டுபிடிப்பு எவ்வளவு நம்பகமானது என்ற மதிப்பு) 70 சதவீதத்துக்குக் கீழுள்ளவை வழக்கமாக மறைந்திருக்கும். அதை 0 ஆக்கி, நீளமான பிடிஎஃப்பை முதலாளியிடம் நீட்டுவது அநியாயம். சந்தேகக் கேஸ்களைத் தனியாகச் சரிபாருங்கள்.

தொழிற்சாலை மெஷின்களை இயக்கும் சிஎன்சி, பிஎல்சி கன்ட்ரோலர்கள் இருக்கும் ஐபிகளை, ஸ்கேன் செய்யக்கூடாதவற்றுக்கான எக்ஸ்க்ளூட் லிஸ்டில் போட்டே ஆகவேண்டும். பழைய கன்ட்ரோலர்கள் ஒரே நேரத்தில் நிறைய கனெக்‌ஷன் வந்தால் தொங்கிவிடும், ஷிஃப்ட் நின்றுவிடும். பிரிண்டரும் அப்படியே: வருவதை அப்படியே அச்சடிக்கும் 9100 போர்ட்டைத் தட்டினால் குப்பை எழுத்தாகத் தாள் தாளாக அடிக்கும்.

கோரமங்களா, ஹெச்எஸ்ஆர் பக்கம் கோ-வொர்க்கிங் இடத்தில் இருப்பவர்கள் பொது வைஃபையை ஸ்கேன் செய்யாதீர்கள். உரிமையாளர் அனுமதியின்றி நெட்வொர்க்குக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43இன் கீழ் வரும். சொந்தக் கம்பெனியிலும் ஐபி ரேஞ்ச், தேதி, நேரம் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே தொடங்குங்கள்.