அந்த மெரூன் புடவை நான் இல்லை

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் படத்துல இருக்கிற மெரூன் புடவை நான் இல்லை. ஞாயித்துக்கிழமையிலிருந்து இன்பாக்ஸ்ல மூணு பேர் கேட்டாச்சு, "அக்கா, நீங்கதானா?"ன்னு. கூடவே விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை வேற. சித்தி பொண்ணு ஒருத்தி போன் போட்டே கேட்டா. என்கிட்டயும் மெரூன்ல ஒண்ணு இருக்கு, பார்டர் வேற.

யார் போட்டாங்க, எங்க போட்டாங்கன்னு நான் எழுதப் போறதில்லை, பார்க்க வேண்டியவங்க எல்லாரும் பார்த்தாச்சு. பில்லிங் கவுண்டர்ல மெரூன் புடவை கட்டின ஒரு அம்மா பர்ஸைத் திறந்து தள்ளுபடிக் கூப்பனை ஒண்ணொண்ணா எடுத்து வைக்கிறாங்க. பின்னாடி நின்னவர் அதைப் படம் எடுத்து, "இருபது ரூபாய்க்காக இருபது நிமிஷம்"னு எழுதிப் போட்டிருக்கார். அதுக்குச் சிரிச்சவங்கள்ல என் நட்புப் பட்டியல்ல இருக்கிறவங்க 41 பேர். ஆமா, எண்ணினேன். இருபது ரூபாயை எண்ணுறவ 41 பேரை எண்ண மாட்டாளா?

அது அவங்க காசுங்க. அவ்வளவுதான் விஷயம். கடைக்காரர் இரக்கப்பட்டுப் போடுற காசில்லை அது. ஒரே பொருளை, விலையே பார்க்காம எடுத்துட்டுப் போறவர்கிட்ட முழு விலைக்கும், பார்த்து வாங்குறவங்ககிட்ட கொஞ்சம் குறைச்சும் விக்கிறதுக்குக் கம்பெனிக்காரன் கண்டுபிடிச்ச வழிதான் கூப்பன். வெட்டி எடுக்கணும், பத்திரமா வைக்கணும், தேதி தாண்டுறதுக்குள்ள மறக்காம எடுத்துட்டு வரணும். இந்தச் சிரமத்தையே வடிகட்டியா வெச்சிருக்காங்க. பாதிப் பேர் மறந்துடுவாங்கன்னு நம்பித்தான் அச்சடிக்கிறாங்க. அந்த அம்மா மறக்கலை. அது தப்பா?

நான் இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டா, பண்ருட்டியில, எண்பதுகளோட கடைசியில. சாஷே ஷாம்பூவுக்கு, அதான் ஒரு குளியலுக்கு வர்ற சின்ன பாக்கெட்டுக்கு, முன்னோடி எங்க கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன். பிறகு அவர் மகன் சிக் ஷாம்பூவுக்கு ஒரு திட்டம் போட்டார். காலி சாஷே அஞ்சு கொண்டு வந்தா ஒரு சிக் சாஷே இலவசம். முதல்ல எந்தக் கம்பெனி காலி சாஷேயா இருந்தாலும் வாங்கிக்கிட்டாங்க, அப்புறம் சிக் மட்டும்தான்னு மாத்திட்டாங்க. அந்த 'எதுவா இருந்தாலும்' நாட்கள்ல நானும் என் தம்பியும் தெருக் குழாயடியில, பம்பு செட்டுத் தொட்டி ஓரத்துல பொறுக்காத இடமில்லை. ஒரு தடவை பக்கத்து வீட்டு மாமி, "பொம்பளைப் புள்ள குப்பை பொறுக்குது பாரு"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி அம்மா எதுவும் சொல்லலை. மறுநாள் காலையில அவங்களே அஞ்சு காலி சாஷேயைக் கழுவி, ரேஷன் கார்டு உறைக்குள்ள வெச்சுக் குடுத்தாங்க. குப்பையை யாராவது கழுவுவாங்களா?

சரி, அதை விடுங்க. நிஜமா இது ஒரு வித்தைன்னு எனக்குத் தெரிஞ்சது 2003-ல. வீட்டுக்காரர் வேலை பார்த்த இடத்துல ஏழு மாசம் சம்பளம் வரலை. அப்போதான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். எந்தப் பொருள் எந்தக் கடையில என்ன விலை, எத்தனை கிராம். விலையை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம், கிராமுக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பார்க்கணும். இப்போ பாக்கெட்லயே யூனிட் விலை போடணும்னு விதி வந்துடுச்சு, ஆனா அதைக் கண்ணாடி போட்டுத் தேடணும். பெரிய பாட்டில்தான் லாபம்னு நினைப்போம். ஷாம்பூவுல பல சமயம் சாஷேதான் மில்லிக்கு மலிவு. "33% கூடுதல்"னு பாக்கெட்ல பெருசா போட்டிருப்பாங்க, கணக்குப் போட்டா விலை கால் பங்குதான் குறையுது. "ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்"னாதான் மூணுல ஒரு பங்கு குறையும். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு நானே ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கேன்.

அடுத்தது பட்டியல். கூப்பனைப் பார்த்துப் பட்டியல் எழுதக் கூடாது, பட்டியலை எழுதிட்டுத்தான் கூப்பனைத் தேடணும். "1500-க்கு மேல வாங்கினா 100 கழிவு"ங்கிறதுதான் பெரிய தூண்டில். 1,240-ல நிக்கும் பில்லு, அந்த நூறுக்காக 260 ரூபாய்க்கு எதையாவது அள்ளிப் போடுவோம். நானும் போட்டிருக்கேன். ஒரு தடவை அப்படி வாங்கின அஞ்சு பாக்கெட் பாஸ்தா வண்டு வெச்சு, கடைசியில அந்த வண்டுக்குத்தான் லாபம். அதனால "கூப்பன் தேவையில்லாததை வாங்க வைக்குது"ன்னு சொல்றவங்களே, ஒத்துக்கிறேன். முழுசா ஒத்துக்கிறேன். அந்தப் படத்துல கூடையில இருந்தது பருப்பு, எண்ணெய், சோப்பு. பெருசாக்கிப் பார்த்தேன்.

ஆவின் அட்டை எடுத்துக்கங்க. 2022 நவம்பர்ல ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 60 ஆச்சு. மாச அட்டைக்காரங்களுக்கு அப்போ 46-தான். ஒரு லிட்டருக்கு 14 ரூபாய், முப்பது நாளைக்கு 420. அட்டைக்கு முன்பணம் கட்டப் போய் நின்னப்போ எங்க அபார்ட்மென்ட்ல ஒரு சார், "இதுக்கெல்லாமா மேடம் க்யூவுல நிப்பீங்க"ன்னார். அடுத்த மாசம் அவர் வீட்டம்மா எனக்குப் பின்னாடி நின்னாங்க. சிரிச்சுக்கிட்டோம்.

இப்போ "மத்தவங்க நேரத்தை வீணடிக்கலாமா"ங்கிற கேள்விக்கு வரேன், ஏன்னா நேத்து நாலு பேர் ரொம்ப நியாயவான் மாதிரி அதைத்தான் கேட்டாங்க. இருபது நிமிஷம்னு எழுதினவர் கடிகாரம் பார்த்தாரா? பத்து கூப்பனைக் கணினியில போட இருபது நிமிஷமாகும்னா அது அந்த அம்மாவோட குத்தமா, எட்டு கவுண்டர் வெச்சுட்டு ரெண்டை மட்டும் திறக்கிற கடையோட குத்தமா? அந்தக் கடையைப் படம் எடுத்துப் போட வேண்டியதுதானே? மாட்டாங்க. நானும் ஒரு தடவை க்யூவை நிக்க வெச்சிருக்கேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து சோப்பு, ஷாம்பூ, பற்பசைக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆச்சு. 118 ரூபாய்ப் பொருள் 105 ஆகணும், அதாவது 11 சதவீதம் குறையணும். அந்த வாரம் எங்க பக்கத்துக் கடையில பழைய விலைக்கே பில் போட்டாங்க. நான்தான் நின்னு பேசினேன். மேலாளர் வந்தார், பார்த்தார், மாத்தினார். பத்து நிமிஷம் ஆச்சு. பின்னாடி உச்சு கொட்டிக்கிட்டு நின்ன தம்பி கையில ஒரு ஷாம்பூ பாட்டில். அவருக்கும் குறைச்ச விலைதான் போட்டாங்க. வாங்கிட்டுப் போயிட்டார். ஒரு தேங்க்ஸ்? ஊஹும்.

"கூப்பனுக்காகப் போன் நம்பர் கொடுத்து உங்களையே வித்துடறீங்க"ன்னு ஒருத்தர் அந்தப் படத்துக்குக் கீழ கட்டுரையே எழுதியிருக்கார். நம்பர் கொடுத்தாத்தான் பில் போடுவேன்னு கடையில அடம் பிடிக்கக் கூடாதுன்னு 2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை சொல்லியாச்சு. எனக்குக் கூப்பனுக்குன்னே ஒரு பழைய சிம் இருக்கு, சமையலறை டப்பாவுல தூங்குது. அடுத்த கேள்வி.

"அண்ணாச்சி கடை என்ன ஆகும்?" இது கொஞ்சம் குத்துது, மறைக்கலை. 2020 ஊரடங்குல பெரிய கடைகள்ல வாசலோட வரிசை, எங்க அண்ணாச்சிதான் நோட்டுல எழுதிக்கிட்டு அரிசி கொடுத்தார். தேங்காய், வெல்லம், அப்பளம் இன்னிக்கும் அங்கதான். மீதிக்கு... சரி, மீதிக்கு நான் பதில் சொல்லலை. ஆனா இந்தக் கேள்வியைக் கேட்டவர் வீட்டுக்குப் பத்து நிமிஷத்துல பால் பாக்கெட் பைக்ல வருது, அதையும் நான் பார்த்திருக்கேன்.

எனக்கு எங்க வலிக்குதுன்னு சொல்றேன். இதே 41 பேர்ல ஒருத்தர், பேர் வேணாம், போன மாசம் விமான நிலைய லவுஞ்சுல உக்காந்து, கிரெடிட் கார்டு பாயின்ட்டை எப்படிச் சேர்த்தேன், எந்தக் கார்டுல எதைத் தேய்ச்சா எத்தனை மடங்குன்னு பதினாலு பத்தி எழுதினார். அதுக்கு நாம எல்லாரும் "வேற லெவல்"னு போட்டோம். நானும் இதயம் விட்டேன். அது புத்திசாலித்தனம். அதே வேலையை ஒரு அம்மா காகிதத்துல செஞ்சா அல்பம். அவருக்கு ஓசி இட்லி கொடுத்தது எந்தக் கணக்குங்க? அதுவும் கூப்பன்தானே சார், அட்டையில அடிச்ச கூப்பன்!

என் பொண்ணே ஒரு தடவை, அப்போ காலேஜ் ரெண்டாவது வருஷம், கவுண்டர்ல என் கையைப் பிடிச்சு, "விடும்மா, நாப்பது ரூபாதானே, என் ஃப்ரெண்ட்ஸ் நிக்கிறாங்க"ன்னா. விட்டுட்டேன். அந்த நாப்பது ரூபாய்க் கூப்பனைக் கசக்கிப் பைக்குள்ள போட்டுட்டு வீடு வரைக்கும் பேசாம வந்தேன். அவ காலேஜ் ஃபீஸ்ல எத்தனை நாப்பது இருக்குன்னு அவளுக்குத் தெரியாது, சொன்னதும் இல்லை. இப்போ பெங்களூர்ல தனியா இருக்கா. போன வாரம் போன்ல, "அம்மா, துவரம்பருப்பு எதுலம்மா ஆஃபர் போடுவான்?"ன்னு கேட்டா. நான் சொன்னேன். அவ எழுதிக்கிட்டா. பழசை ரெண்டு பேரும் எடுக்கலை.

சிரிச்ச 41 பேரையும் நட்பிலிருந்து நீக்கலாம்னு நேத்து ராத்திரி உக்காந்தேன். ஏழாவது ஆள் என் சொந்த அத்தை பையன். விட்டுட்டேன்.

எழுதி எழுதி மணி பதினொண்ணு ஆச்சு. எண்ணெய்க்கு ஒரு 75 ரூபாய்க் கூப்பன் இருக்கு, நாளையோட முடியுது. காலையில பத்தரைக்கு மூணாம் நம்பர் கவுண்டர்ல நிப்பேன். படம் எடுக்கிறவங்க பக்கவாட்டுல எடுங்க, முன்னாடி எடுத்தா எனக்குக் கண்ணு மூடிக்கும்.