தீப்பொறி பட்டு வியாழன் சூரியனாகாது

"வியாழன் முழுக்க ஹைட்ரஜன்தான், ஒரு தீப்பொறி விழுந்தால் அது இரண்டாவது சூரியனாகப் பற்றிக்கொள்ளும்" என்ற குரல்பதிவு பெங்களூருத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. சௌடையா சாலைக் கோளரங்கத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர்கூட இதைப் பகிர்வதுதான் வருத்தம்.

வியாழனின் நிறையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஹைட்ரஜன், எஞ்சியதில் பெரும்பகுதி ஹீலியம் என்பது சரியே. ஆனால் ஹைட்ரஜன் தீப்பிடித்து எரிய ஆக்சிஜன் வேண்டும். அங்கே அதற்கேற்ற ஆக்சிஜன் வாயு இல்லை. அதைவிட முக்கியமாக, சூரியனே அடுப்பைப் போல எரிவதில்லை: அதன் மையத்தில், சுமார் 1.5 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும்போது, அவற்றின் நிறையில் ஏறத்தாழ 0.7 விழுக்காடு ஆற்றலாக வெளிப்படுகிறது. இந்த இணைவைத் தொடங்கி நிலைநிறுத்துவது ஈர்ப்பின் நெருக்குதலே. அதற்கு வியாழனைப் போல் சுமார் 80 மடங்கு நிறை தேவை. சூரியனின் நிறையோ வியாழனைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல்.

தீப்பொறி என்ன, 1994 ஜூலையில் ஷூமேக்கர்–லெவி 9 வால்மீனின் துண்டுகள் அடுத்தடுத்து மோதியபோதே வியாழனில் கருந்தழும்புகள் தோன்றி மறைந்தனவே தவிர, வேறொன்றும் பற்றிக்கொள்ளவில்லை. 2003 செப்டம்பர் 21 அன்று கலிலியோ விண்கலம் வியாழனுக்குள் செலுத்தப்பட்டது, அதன் யூரோப்பா நிலவில் மோதிப் புவியின் நுண்ணுயிர்களைக் கொண்டுசேர்த்துவிடக் கூடாது என்பதற்காக; அப்போதும் எதுவும் பற்றிக்கொள்ளவில்லை; விண்கலத்தில் மின்சாரத்துக்கென வைத்திருந்த புளூட்டோனியம்-238 அணுகுண்டுக்குரிய வகையே அன்று.