டூயல்சென்ஸுக்குத் தனி டிரைவர் வேண்டாம்

லினக்ஸில் பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரான டூயல்சென்ஸை இணைக்கத் தனி டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) நிறுவச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தேவையே இல்லை. 2021-இல் வந்த கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.12 முதல் சோனியே எழுதிய டிரைவர் உள்ளேயே இருக்கிறது.

ப்ளூடூத்தில் இணைக்க, கன்ட்ரோலர் அணைந்திருக்கும்போது கிரியேட் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து, நீல விளக்கு வேகமாக மின்னும்வரை அழுத்திப் பிடியுங்கள். பலர் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில்: டெர்மினலில் ப்ளூடூத்தைக் கையாளும் ப்ளூடூத்சிடிஎல் (bluetoothctl) நிரலில், இணைக்கும் pair கட்டளையைக் கொடுத்ததும், கன்ட்ரோலரை நம்பச் சொல்லும் trust கட்டளையையும் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அன்று வேலை செய்யும். மறுநாள் பிஎஸ் பட்டனை அழுத்தினால் விளக்கு கொஞ்ச நேரம் மின்னி அணைந்துவிடும். கன்ட்ரோலர் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேபிளில் போட்டும் கண்டுகொள்ளவில்லையா? சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளாக இருக்கும், மாற்றிப் பாருங்கள்.

விளையாட்டுச் செயலியான ஸ்டீமை ஃபிளாட்பேக்காக (கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து இயங்கும் செயலித் தொகுப்பாக) நிறுவியவர்கள் ஸ்டீம்-டிவைசஸ் பேக்கேஜைக் கணினியில் தனியாகப் போடுங்கள். கருவிகளை அணுக அனுமதி தரும் யுடெவ் (udev) விதிகளை ஃபிளாட்பேக்கால் கணினியில் எழுத முடியாது. அவை இல்லாவிட்டால் பட்டன்கள் வேலை செய்தாலும் ஜைரோவும் (கன்ட்ரோலரின் அசைவை உணரும் சென்சார்) டிரிக்கர் இறுக்கமும் வராமல் போகலாம். அந்தக் கட்டுரையை எழுதியவர் இதை அவசியம் சேர்க்க வேண்டும்.