லயத்துக் கொல்லையும் பாக்கெட் சாப்பாடும்

சத்தான சாப்பாடு என்றாலே ஈப்போவில் ஆர்கானிக் கடை தேடிப் போய் சியா விதை வாங்க வேண்டும் என்று எங்கள் சுங்கை சிப்புட்டில் பலர் நினைக்கிறார்கள். "அதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு" என்று பேச்சும் அங்கேயே முடிந்துவிடுகிறது. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு அந்தச் சாப்பாடு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னாலேயே இருந்தது. முருங்கை, பொன்னாங்கண்ணி, மரவள்ளி, வாழை, நான்கு கோழிகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் அடுக்குமாடிக்கும் தாமான் என்னும் குடியிருப்புக்கும் வந்தபோது கொல்லை போய்விட்டது. அந்த இடத்துக்குப் பாக்கெட் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காலம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியை மட்டுமே தின்று நோயில் விழுந்தவர்களின் கதை நம் குடும்பங்களில் உண்டு. பதப்படுத்திய உணவு எல்லாமே கெட்டது என்பதும் சரியில்லை. 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி சாப்பிட்டவர்களிடையே பி1 சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவியது, சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் தப்பினார்கள். மலாயாவில் அந்த நோய் சீனத் தொழிலாளர்களை வாட்டிய அளவுக்குத் தமிழர்களைத் தொடாததற்கும் அவர்கள் சாப்பிட்ட புழுங்கல் அரிசிதான் காரணம். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. அவிப்பதும் பதப்படுத்தல்தானே? நம் முன்னோரைக் காப்பாற்றிய பதப்படுத்தல் அது!

ஆகவே கருவாடு, தயிர், டின் சார்டின் இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. பாக்கெட் மீ, சாசேஜ், மூன்று கலவைக் காப்பித்தூள், பாமாயிலும் சர்க்கரையும் சேர்த்துப் பால் போலவே டின்னில் விற்கும் கிரீமர், இவைதான் என் கவலை. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்தச் சமையலறையிலும் இல்லாத பொருள்கள் அதில் இருக்கும். 2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் இப்படிப்பட்ட உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய உணவில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் சுமார் 0.9 கிலோ எடை ஏறியது. வாயைக் கட்டத் தெரியாதவர் என்று ஒருவரை ஏசுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

அதே 2019-இல் நம் சுகாதார அமைச்சின் ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். நாட்டின் சராசரி 18.3. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு, சாப்பாடு மட்டுமே காரணமில்லை. ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது, தட்டை மாற்றலாம். (நோய் உள்ளவர்கள் கீரையை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மரவள்ளியும் சர்க்கரையை ஏற்றும்.)

அப்புறம், இதை யார் சமைப்பது? தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து களைத்து வரும் அக்காவிடம் "பாக்கெட்டைத் தொடாதே, கீரை ஆய்ந்து சமை" என்பது அநியாயம். அண்ணன்மார்களும் தம்பிமார்களும் அரிவாள்மனை முன் உட்கார வேண்டும். ஞாயிறு காலை பசாரில் கீரையும் மீனும் வாங்கி, ஆய்ந்து, கழுவி வைத்தாலே வாரத்தில் பாதி வேலை முடிந்தது. பருப்பும் பயறும் இன்னமும் மலிவுதான்.

நம் ஊரில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிரப் தண்ணீரும் பாக்கெட் பானமும் வேண்டாம். நீர்மோரும் கொண்டைக்கடலைச் சுண்டலும் கொடுப்போம். ஒரு பந்தலுக்கு வேண்டிய தயிர், கடலைச் செலவு என்னுடையது. ஊறவைக்கவும் தாளிக்கவும் ஆள் வேண்டும், வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள்.