பவர் காட்டும் என்றால் பவரை அளக்கும் என்று அர்த்தமா?

சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கிற ஒரு ட்ரெய்னர் வாங்குவதற்குள் மனுஷனை இந்தப் பாடு படுத்துகிறார்கள். நான் கோத்தகிரி. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை பிடித்தால் லேசில் விடாது, மழை இல்லாத நாளில் மூட்டம், இருட்டிவிட்டால் தேயிலைத் தோட்டத்து வளைவில் நிற்பது காட்டுமாடா கரடியா என்று கிட்டப் போனால்தான் தெரியும். அதனால் வீட்டுக்குள்ளேயே மிதிக்க ஒரு ட்ரெய்னர், அதுவும் பவர் அளக்கிற ட்ரெய்னர் வேண்டும் என்று முடிவு செய்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது வேகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சரிவு மாறினால் வேகம் மாறும், இதயத் துடிப்போ ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலே ஏறிவிடும். கால் எவ்வளவு வேலை செய்தது என்று நேராகச் சொல்வது பவர்தான், அதன் அளவு வாட்ஸ்.

கோவையில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். "பவர் காட்டுங்களாண்ணா?" "எல்லாம் காட்டும் தம்பி, போன்லயே வரும்." நம்பிப் பணம் கட்டினேன். பின்சக்கரத்தை ரோலர் மேல் உட்கார வைக்கிற வகை வந்தது. சரி, அதில் தப்பில்லை. ஆனால் உள்ளே பவரை அளக்க ஒரு சென்சாரும் இல்லை! ரோலர் சுற்றும் வேகத்தைப் பார்த்து, இந்த வேகத்துக்கு இத்தனை வாட்ஸ் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான்.

முதல் நாள் காலை ஐந்தரை மணி, தரை ஜில்லென்று இருக்கிறது. திரையில் 180 வாட்ஸ், தொடை எரிகிறது, மூச்சு வாங்குகிறது. இருபது நிமிஷம் கழித்து அதே கியர், அதே வேகம், திரையில் அதே 180, ஆனால் நான் பேசிக்கொண்டே மிதிக்கிறேன். டயரும் ரோலரும் சூடாகித் தடை குறைந்துவிட்டது, அந்தக் கணக்குக்குத் தெரிவதோ வேகம் மட்டும். டயரில் காற்று கொஞ்சம் இறங்கினாலும் இதே கதைதான். சில மாடல்களில் சூடான பிறகு ஸ்பின்டவுன் என்று ஒன்று, அதாவது வேகமாக மிதித்துவிட்டுக் காலை நிறுத்தி ரோலர் ஓய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது, செய்து ஓரளவு சரிக்கட்டலாம், எனக்கு வந்ததில் அதுவும் இல்லை. குன்னூர் நண்பர் ஒருவர் மிதிக்கிற பவரை நேராக அளக்கும் தன்னுடைய பவர் மீட்டர் பெடலைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். ஆரம்பத்தில் 212, சூடான பிறகு 171. என் திரை இரண்டு தடவையும் 180!

மறுபடி போன் போட்டால், "பெட்டியப் பிரிச்சிட்டீங்க, திருப்பி எடுக்க முடியாது." கேட்டபோதே சொல்லியிருந்தால் நான் ஏன் பிரிக்கப் போகிறேன்?

அப்புறம் டைரக்ட் டிரைவ் பார்க்கக் கிளம்பினேன், பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராக ட்ரெய்னரிலேயே மாட்டுகிற வகை. அங்கேயும் 2,000 வாட்ஸ் தாங்கும், 16 சதவீத ஏற்றத்தில் மிதிப்பது போலவே கனக்கும் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். 2,000 வாட்ஸ் எனக்கு எதற்கு? நான் கேட்பது அளவு எவ்வளவு துல்லியம் என்று. கூடக்குறைய 1 சதவீதமா, 2 சதவீதமா, 5 சதவீதமா? 5 என்றால் நான் 200 மிதிக்கும்போது 190 காட்டினாலும் சரி, 210 காட்டினாலும் சரி என்று அர்த்தம். மூன்று மாதம் உயிரைக் கொடுத்து நான் ஏற்றுவதே பத்து வாட்ஸ், அது அந்த இடைவெளிக்குள்ளேயே காணாமல் போய்விடும். இதைக் கேட்டால் ஒரு கடைக்காரரும் பதில் சொல்வதில்லை, "நல்ல பீஸ் தம்பி, தைரியமா எடுங்க" என்கிறார்கள். சங்கிலி மாட்டுகிற பின் பல்சக்கர அடுக்கு, அதான் கேசட், உண்டா என்றால் தனியாக வாங்கணுமாம், சக்கரத்தைக் குறுக்கே நுழைக்கிற தடித்த அச்சால் பிடிக்கும் என் த்ரூ ஆக்சில் சைக்கிளுக்குப் பொருந்துமா என்றால் வந்த பிறகு பார்த்துக்கலாமாம். வந்த பிறகு பொருந்தவில்லை என்றால் அந்தக் கனத்தை மறுபடி மலையிலிருந்து இறக்குவது யார்?

விலையை இவ்வளவு பெரிதாகப் போடுகிறீர்களே, அந்தச் சதவீதத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். அளக்கிறதா, கணக்குப் போடுகிறதா என்பதையும் தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள்.