அந்த வடை வடிவ நிரல் வைரஸ் இல்லை

நாகர்கோவில், தக்கலைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது: உளுந்தவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு ஒரு கணினி நிரலின் (கணினிக்கான கட்டளைகளின்) எழுத்துகள். 'தொட்டால் வங்கிப் பணம் போய்விடும்' என்கிறார்கள். தவறு.

அது 2006இல் ஆண்டி ஸ்லோன் என்ற நிரலாளர் சி என்ற கணினி மொழியில் விளையாட்டாக எழுதிய நிரல். இப்படி வேண்டுமென்றே புரியாதபடி எழுதுவதற்கு 1984 முதலே சர்வதேசப் போட்டி இருக்கிறது. இதை எழுதிப் பார்க்கும் பிள்ளைகளை தயவுசெய்து ஹேக்கர் என்று சொல்லாதீர்கள்.

படத்தில் உள்ள நிரல் தானாக ஓடாது. நானே தட்டச்சு செய்து ஓட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ஒரு வளையம் சுழல்கிறது. மங்கலான இடத்தில் புள்ளி, வெளிச்சத்தில் அடர்த்தியான குறி என 12 குறிகளாலேயே வரைகிறது. அவ்வளவு அழகு! கோப்பைத் திறப்பதோ இணையத்தைத் தொடுவதோ அதில் இல்லை. நிறுத்த வேண்டுமா? விசைப்பலகையில் கன்ட்ரோல் (Ctrl) விசையையும் C விசையையும் சேர்த்து அழுத்தினால் போதும்.